கண்ணில் விழுந்த எரிமலை

இரண்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசி மாதம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக் குசினியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது இது. எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். நடுவில் சிரிப்பு நின்றுவிடும். அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினேன், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பார்வை உள்ள கண் ஒன்றுதான். இடது கண்ணை, ஊரில் சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்த நாளில் பறந்து வந்த துண்டு ஒன்று கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் ஷிப்டாக நின்று, மகளைப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்து, ஓய்வும் எடுத்துவிட்டார். பிறகு அந்த வலது கண்ணிலும் புரை விழுந்தது. ஒற்றைக் கண் உள்ள ஆளுக்கு ஒப்பரேஷன் செய்வதென்றால் டொக்டர்மாரே யோசிக்கிறார்கள். ஏதும் பிழையாகப் போனால் மாற்றுக்கு வேறு கண் இல்லை என்று எங்கள் இருவரையும் இருத்திவைத்து விளக்கிச் சொன்ன பிறகுதான் செய்தார்கள்.

நல்லபடியாக முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு, ஒப்பரேஷன் முடிந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, தூசி படக் கூடாது. புதுக் கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பூனையின் மீசை தெரியும், கையில் இருக்கும் மருந்துப் போத்தலின் எழுத்து தெரியாது. நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவருடைய கண்ணைக் காவல் காத்தேன். பொரிக்கும்போது குசினிக்குள் வரவிட மாட்டேன். வெங்காயம் உரித்தால்கூடக் கதவைச் சாத்திவிடுவேன்.

மகள் கட்டிக்கொண்டு வெம்பிளிக்குப் போன பிறகு எங்கள் மேல் அறை சும்மா கிடந்தது. அதை ஒரு பிள்ளைக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். மலேசியாவில் இருந்து படிக்க வந்த தமிழ்ப் பிள்ளை. மெல்லிய குரல். தேநீருக்குக் கேத்தில் போடுவதற்குக்கூட அனுமதி கேட்கும். யூனிவர்சிற்றியில் என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு எரிமலைச் சாம்பலை ஆராய்கிறேன் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பல் பார்க்கவா கடல் தாண்டி வந்தாய், உன் அம்மாவின் அடுப்பில் இல்லாத சாம்பலா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. ஒரு சோடாப் போத்தலைக் குலுக்கிக் காட்டி, மலைக்குள் இருக்கும் உருகிய கல்லும் இப்படித்தான், உள்ளே அடைபட்ட வாயு வெளியே பாயும்போது கல்லைப் பொடிப்பொடியாக்கிக்கொண்டு வரும் என்றது. அது எரிந்து மிஞ்சிய சாம்பல் இல்லையாம். நொறுங்கிய கல்லும் கண்ணாடியுமாம். ஒவ்வொரு துகளையும் பெருப்பித்துப் பார்த்தால் அதன் வடிவமே, மலை ஏன் வெடித்தது, வாயு தள்ளியதா, தண்ணீர் உள்ளே போனதா என்று சொல்லிவிடுமாம். அது பாதி வேலை. மற்றப் பாதி, அந்தச் சாம்பல் விழுந்த ஊர்களுக்குப் போய்ச் சனத்தோடு கதைப்பது. கூரை என்ன ஆனது, குடிதண்ணீர் என்ன ஆனது, யார் திரும்பி வந்தார்கள், எப்படி எழும்பினார்கள் என்று கேட்பது. நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன்.

அந்தப் பிள்ளை கரீபியன் பக்கத்தில் ஒரு சின்னத் தீவுக்கு ஆராய்ச்சிக்காகப் போய், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் திரும்பி வந்தது. நான் அப்போது கடையில் வேலை. வீட்டில் அவர் மட்டும். பிள்ளை எங்களுக்கென்று கொண்டுவந்த இனிப்பு, சாதிக்காய், கொக்கோக் கட்டி எல்லாவற்றையும் பையில் இருந்து எடுத்துக் குசினி மேசையில் வைத்திருக்கிறது. கூடவே ஒரு சின்னப் போத்தல். அதற்குள் தாயிடம் இருந்து ரெலிபோன் வர, கதைத்துக்கொண்டே மேலே போய், பயணக் களைப்பில் அப்படியே நித்திரையாகிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய் வருகிறவர்கள், இந்தியாவுக்குக் கோயில் சுற்றப் போகிறவர்கள், யார் எங்கே போய் வந்தாலும் எங்களுக்குத் திருநீறு கொண்டுவருவார்கள். பேப்பரில் மடித்து வரும், பொலித்தீன் பையில் வரும், மருந்துப் போத்தலில்கூட வரும். இவர் எல்லாவற்றையும் சாமித்தட்டில் இருக்கும் ஒரே பித்தளைக் குடுவைக்குள் கொட்டிவிடுவார். எந்தக் கோயில் எது என்று நான் கேட்டால், எல்லாச் சாமியும் ஒன்றுதானே என்பார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுசன்.

போத்தலில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிட்டப் பிடித்தால் அவருக்குத் தெரியாது. தெரிந்தது நரை நிறத் தூள் மட்டும். தூர தேசம் போய் வந்த தமிழ்ப் பிள்ளை, இனிப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறது. பிறகு நான், ஏன் இந்த வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் மகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"மலைக்குப் போன பிள்ளை சாம்பல் கொண்டுவந்திருக்கு. மலையில முருகனை விட வேறை ஆர் இருக்கப் போகினம்?"

முழுவதையும் குடுவைக்குள் கொட்டி, விரலால் கலந்தும் விட்டிருக்கிறார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போவதற்காக நான் காலையிலேயே பருத்திச் சீலை கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். இவர் கழுத்துக்குக் கீழே குளித்து, விளக்கேற்றி, மூன்று விரல் நிறையத் திருநீறு அள்ளி நெற்றியில் இழுத்து, வழக்கம்போல ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தார். முகம் கோணலாக இருந்தது.

"இப்ப திருநீறிலயும் சீமெந்து கலக்கத் தொடங்கிட்டாங்கள். பல்லுக்குள்ள நறநறக்குது" என்றார்.

உங்கள் வாய்க்கு அதுவும் வேணும் என்று சொல்லிச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே ஊர்க்காரர்களைத் திட்டத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் சிங்கில் வாயைக் கொப்பளித்தார். நிமிர்ந்தார். புருவத்தில் இருந்து ஏதோ பொலபொலவென்று கொட்டியது. இரண்டு மூன்று தரம் கண்ணைச் சிமிட்டினார்.

"இஞ்சரும், கண்ணுக்குள்ள ஏதோ குத்துது."

என் சிரிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போனது. அவர் கை கண்ணை நோக்கிப் போனது. நான் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கையை எடுங்கோ, நான் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே சீலைத் தலைப்பைச் சுருட்டினேன். கண்ணில் தூசி விழுந்தால் நம்மவர்கள் என்ன செய்வோம்? துணியைக் கூராக முறுக்கி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒத்தி, அந்த நுனியாலேயே தூசியைத் துடைத்து எடுப்போம். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். என் மகளுக்கு நான் அப்படித்தான் செய்தேன். ஒரு நாளும் ஒன்றும் பிழையாகப் போனதில்லை. அவர் முகத்தை ஒரு கையால் நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்து, துணி நுனியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தேநீர் போட இறங்கி வந்தது. வாசலில் நின்று அவர் நெற்றியைப் பார்த்தது. குசினி வெளிச்சத்தில் அந்த மூன்று குறியும் மினுமினுத்தன. திருநீறு மினுங்குமா? நான் அதைக் கவனிக்கவே இல்லை. பிள்ளை கவனித்தது.

"கண்ணைத் தொடாதீங்க!"

அப்படி ஒரு குரல் அந்த உடம்பில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது. நான் போய் அலுமாரியில் மோதினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம். என் வீட்டில், என் புருசனுக்கு முன்னால், என்னையா தள்ளுகிறாய் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"அன்ரி, அது திருநீறு இல்ல. எரிமலைச் சாம்பல். கண்ணாடித் தூள்."

கண்ணாடித் தூள், ஒப்பரேஷன் செய்த கண்ணுக்குள், இருக்கிற ஒரே கண்ணுக்குள். அவர், என்ன சாம்பல், என்ன சாம்பல் என்று கேட்டுக்கொண்டே திரும்பவும் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

பிள்ளை ஒரே ஓட்டமாக மேலே போய், தீவுக்குக் கொண்டுபோன பையோடு வந்தது. உள்ளே கண் கழுவும் சுத்தமான உப்புநீர், சின்னச் சின்னக் குப்பிகளில் சீல் உடைக்காமல் இருந்தது. அவரைக் குசினி நிலத்திலேயே படுக்கவைத்து, தலையைச் சரித்து, துவாயை விரித்தது. ஆசுப்பத்திரி அவசர நம்பருக்கு ரெலிபோன் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு குப்பியாக உடைத்து மெதுவாக ஊற்றியது. எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

"அங்கிள் கையைப் பிடிச்சுக்குங்க. என்ன கத்தினாலும் விட்டுடாதீங்க."

செல் துண்டு பட்ட அன்றைக்கே கத்தாத ஆள் என்று பெயர் எடுத்த மனுசன் அது. அன்றைக்குக் கத்தினார். கையை விடச் சொல்லிக் கெஞ்சினார். ஒரு தரம் துடைத்துவிடுங்கோ, ஒரே ஒரு தரம் என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படி எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. நான் அழுதுகொண்டே அந்தக் கைகளை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு தந்த பிளாஸ்ரிக் மூடியைக் கண்ணுக்கு மேல் ஒட்டி, மினிகாப் டாக்ஸியில் கொண்டுபோனோம். வழியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வெளியே வெயிலா என்று. நல்ல வெயில். வெயில்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மப்பாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் கண்ணுக்குள் மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். மிஞ்சிக் கிடந்த துகள்களை எடுத்தார். கண்ணின் மேல் தோலில் கீறல் இருக்கிறது, ஒப்பரேஷன் வெட்டு திறக்கவில்லை, ஆனால் கிருமி பிடிக்காமல் இருந்தால்தான் பார்வையைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று சொல்லி, திங்கட்கிழமை வரச் சொன்னார். அதுவரை மருந்து விட்டுக் கண்ணை மூடியே வைத்திருக்க வேண்டும். உடனே கழுவச் சொன்னது யார் என்று கேட்டார். நான் பிள்ளையைக் காட்டினேன். நல்ல காலம், துணியால் துடைத்திருந்தால் அந்தத் தூள் கண்ணை உழுதிருக்கும், வெட்டும் பிரிந்திருக்கலாம், பிறகு எங்களிடம் கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்றார். நான் என் கையைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். ஒரு கண் முன்பே இல்லை, மறு கண் மூடியாயிற்று. சுவரைத் தடவித் தடவி நடந்தார். சோற்றைக் குழைத்துக் கையில் கொடுத்தேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டு சும்மாவா சொன்னவை" என்று பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

சனிக்கிழமை காலை, பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு படியால் இறங்கியது. முகம் அழுது வீங்கிக் கிடந்தது. தானும் தமிழ்ப் பிள்ளைதானே, தன் வீட்டிலும் திருநீறு பூசுகிறார்களே, சாம்பல் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போகிறோமே, ஒருத்தர் நெற்றியில் வைப்பார் என்று எப்படித் தோன்றாமல் போனது என்று திரும்பத் திரும்பச் சொன்னது. சனத்திடம் போய் சாம்பல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பதே தன் வேலை, தன் வீட்டில் கேட்கவில்லையே என்றது. நான் தடுக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு மனதில் கோபம் இன்னும் கிடந்தது. கண்ணாடித் தூளை வீட்டுக்குக் கொண்டுவருகிற பிள்ளையும் ஒரு பிள்ளையா என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது.

பெட்டியின் சில்லுச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"பெட்டி கட்டி ஓடின ஆக்கள் நாங்கள், பிள்ளை. நீ ஏன் ஓடுறாய்? வந்து இரு. அது ஆருடைய சாம்பல் எண்டு சொல்லு."

பிள்ளை அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து சொன்னது. அந்தத் தீவில் மலை வெடித்தபோது பகலே இருண்டுவிட்டதாம். சாம்பலில் மழை விழுந்து, நனைந்த பாரத்தில் கூரைகள் இறங்கினவாம். ஒரு தாயும் மகளும் வீட்டை விட்டு ஓடும்போது மகளுடைய கண்ணில் சாம்பல் விழுந்திருக்கிறது. மகள் வலியில் அழ, தாய் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டிருக்கிறாள். இன்னும் அழ, இன்னும் துடைத்திருக்கிறாள். ரோட்டெல்லாம் சாம்பல் மூடி, ஆசுப்பத்திரிக்குப் போக வழியில்லை. புண் பழுத்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண்ணில் பார்வை இல்லை.

இப்போது ஊர் திரும்பிவிட்டதாம். கூரை போட்டு, சாம்பலைத் தள்ளி, அதே மண்ணில் தோட்டமும் வைத்துவிட்டார்கள். அந்தத் தாய் ஆராய்ச்சிக்காரரோடு சேர்ந்து வீடு வீடாகப் போய், கண்ணில் சாம்பல் விழுந்தால் எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறாள். தன் கூரையில் இருந்து வாரிய சாம்பலைப் போத்தலில் அடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறாள். எங்கள் மேசைக்கு வந்ததும் அதில் ஒன்று. கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் தான் செய்ததைச் சொல்லித்தான் கொடுப்பாளாம்.

"நேத்து நான் எதையும் யோசிக்கல, அன்ரி. உங்க கையில துணியைப் பார்த்ததும் அந்த அம்மா முகம்தான் வந்துச்சு" என்றது பிள்ளை.

ஆசுப்பத்திரியில் எனக்கு வந்தது பயம். இது வேறு. படியிலேயே இருந்துவிட்டேன். நான் செய்ய இருந்ததை ஒருத்தி செய்து முடித்திருக்கிறாள். என்னைப் போலவே பாசத்தோடு செய்திருக்கிறாள். அவளுக்கு யாரும் படியால் இறங்கி வரவில்லை. நான் எழும்பிப் போய்ப் பிள்ளையின் பெட்டியைத் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தேன். மன்னிப்பு என்று ஒரு சொல்லும் என் வாயில் வரவில்லை. சாப்பிட வா என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் குடுவைத் திருநீறு பெரிய பிரச்சினையாகிவிட்டது. பூசவும் ஏலாது, குப்பையில் போடவும் மனம் வராது. பிள்ளை சொன்னபடி முகத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டு நனைத்து, வீட்டுக்குப் பின்னால் வளவில் கால் படாத மூலையில் புதைத்தோம். எத்தனை கோயில் அதற்குள் போனது என்று முருகனுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை டொக்டர் மூடியைக் கழற்றினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். இவர் கண்ணைச் சுருக்கினார், விரித்தார். பிறகு எழுத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

டொக்டருக்கு முன்னாலேயே வாய்விட்டு அழுதேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

சில கிழமை கழித்துப் பிள்ளை அந்தத் தாயை வீடியோக் கோலில் பிடித்துத் தந்தது. என் இங்கிலீசு கடை இங்கிலீசு. அவள் பேசுகிற இங்கிலீசு எனக்குப் பாதிதான் விளங்கும். நன்றி என்று எவ்வளவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், துடைத்தாயா என்று. இல்லை, கழுவினோம் என்றேன். அவள் உள்பக்கம் திரும்பி, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, லண்டனில் அந்தப் பெண் துடைக்கவில்லையாம் என்று உரத்துச் சொன்னாள்.

இன்றைக்கும் யாருக்காவது கண்ணில் தூசி என்றால் என் கை முதலில் சீலைத் தலைப்புக்குத்தான் போகிறது. கண் காணாத ஒரு தீவில் இருக்கும் அந்தத் தாய்தான் ஒவ்வொரு முறையும் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.